கேஜுக்குப் போட்ட வாய்க்கட்டு

போன மாதம் பாஸ்கர் போன் பண்ணினான். என் வேலையின் கடைசி வருஷங்களில் என்னோடு இருந்தவன், இப்போது திருப்பதியில் ஒரு டிராக்டர் ஷோரூமில் தலைமை மெக்கானிக். குரலில் குஷி வழிந்தது.

"அண்ணா, ஒரு சின்ன டிராக்டர் வந்துச்சு. ஆயில் பிரஷர் நம்பர் ஒரு எடத்துல நிக்கல. ஏறிக்கினு எறங்கிக்கினு, நடுநடுவுல பீப் பீப்னு கத்திக்கினு ஒரே ரோதன. கம்பெனிலருந்து அப்டேட் அனுப்பினாங்க. லேப்டாப்ப சொருகி ஏத்திட்டேன். இப்ப நம்பரு கல்லு மாதிரி நிக்குது. சத்தம் சுத்தமா இல்ல."

"ஏன் ஆடுச்சுன்னு பாத்தியா?"

"சிக்னல்ல நாய்ஸ் இருந்துதாம்ணா. அதான் நின்னுடுச்சே."

"போன வைடா, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். அதற்கு மேல் பேசியிருந்தால் வாயில் நல்ல வார்த்தை வந்திருக்காது. என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "யாரு மேல இந்தப் பல்லுக் கடி?" என்றாள். செத்தவன் மேலும் உயிரோடு இருக்கிறவன் மேலும் சேர்த்துத்தான் என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கதை அவளுக்கு மனப்பாடம்.

மெக்கானிக் சங்கத்து ஆட்கள் ஆண்டு மலர் போடுகிறோம், அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நல்லதாக ஏதாவது எழுதலாம் என்றிருந்தேன். பாஸ்கர் அதற்கு வழி விடவில்லை. படித்துவிட்டு யாருக்காவது கோபம் வந்தால் வரட்டும். எனக்கு இத்தனை வருஷமாக வந்துகொண்டிருக்கிறது.

நான் தொழில் கற்ற கதையை நீட்டப் போவதில்லை. பிறந்தது நகரியில், தறி ஓட்டுகிற வீட்டில். நைனா பவர்லூமில் நின்றார். நான் ஐடிஐ முடித்தேன், சித்தூரில் ஒரு ஷெட்டில் கிரீஸ் பூசினேன், அடி வாங்கினேன், திருப்பதிக்கு வந்து ஒரு டீலரிடம் மெக்கானிக் ஆனேன். அவ்வளவுதான். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். தறி வீட்டில் வளர்ந்தவனுக்குச் சத்தம் என்றால் தொந்தரவு இல்லை. ஒரு தறி சத்தத்தை மாற்றினால் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் துணி பாழ். நான் அதோடு வளர்ந்தவன்.

நான் சேர்ந்த புதிதில் டிராக்டர் என்றால் பெரிய மனிதர் வீட்டு வண்டி. மாந்தோப்பு வைத்திருக்கிறவர், கரும்பு போடுகிறவர், அவர்களிடம்தான் இருக்கும். தொண்ணூறுகளில் எல்லாம் தலைகீழானது. வெளிநாட்டுக் கூட்டுச் சரக்கு வந்தது, சின்னச் சின்ன டிராக்டர்கள் வந்தன, கடன் கொடுக்கிறேன் என்று ஏஜென்ட்டுகள் வீடு தேடி வந்தார்கள். அதே சமயத்தில் ஊர்கள் பாதி காலியாகிக்கொண்டிருந்தன. சிலர் சென்னைக்கு, சிலர் பெங்களூருக்கு, பெண்கள் குவைத்துக்கு. அங்கே ஒருத்தி பாத்திரம் தேய்த்தால் இங்கே ஒரு வீட்டுக்கு ஓடு போய்க் கான்கிரீட் கூரை வரும். இன்னும் கொஞ்சம் தேய்த்தால் வாசலில் ஒரு சின்ன டிராக்டர் வந்து நிற்கும்.

இப்போது கேஜ் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்து ஆயில் கேஜில் ஒயர் கிடையாது. இன்ஜினின் பக்கவாட்டிலிருந்து ஈர்க்குச்சி கனத்தில் ஒரு செம்புக் குழாய் கிளம்பி ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கிற கேஜுக்குப் போகும். உள்ளே ஓடுகிற எண்ணெயே அந்தக் குழாய் வழியாக வந்து முள்ளைத் தள்ளும். இன்ஜின் ஓடினால் முள் ஏறி மேலே நிற்கும். இன்ஜின் நின்றால் முள் கீழே விழும். நான் சொல்கிற மாடலில் சிவப்பு விளக்குகூடக் கிடையாது. எண்ணெய் ஒழுங்காக ஓடுகிறதா என்று சொல்ல அந்த ஒரு முள்ளை விட்டால் நாதியில்லை.

அந்த முள் சில வண்டிகளில் ஓரிடத்தில் நிற்காமல் நடுங்கும். நடுங்கி நடுங்கி 'ர்ர்ர்' என்று ஒரு சத்தம் போடும். ஏன் நடுங்குகிறது என்று பார்க்க ஒரு முறை இருக்கிறது. இன்ஜினை ஓடவிட்டு அந்தச் செம்புக் குழாயை இரண்டு விரலால் பிடிக்க வேண்டும். சத்தம் நின்றால் குழாய் எங்கேயோ தகரத்தில் இடிக்கிறது, ஒரு ரப்பரும் கிளிப்பும் போதும். நிற்காவிட்டால் கேஜ் பக்கத்து நட்டைக் கொஞ்சம் தளர்த்தி எண்ணெயைக் கசியவிட வேண்டும். நுரையில்லாமல் வர வேண்டும். நுரைத்து வந்தால் காற்று. வழியவிட்ட பிறகும் நுரை வருகிறது என்றால் அந்தக் காற்று அடியிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. அப்போது வண்டியின் கேஜைக் கழற்றிவிட்டு ஒர்க்ஷாப்பில் இருக்கிற பெரிய கேஜை மாட்டு. அதுவும் நடுங்கினால் கேஜ் மேல் குற்றமில்லை. எண்ணெய் அளவைப் பார். பிரஷர் வால்வின் ஸ்பிரிங்கைப் பார். கடைசியில் எண்ணெய் தங்குகிற அடிச் சட்டியை இறக்கி, பம்பு எண்ணெயை உறிஞ்சுகிற குழாயின் மூட்டைப் பார். மூட்டு தளர்ந்திருந்தால் பம்பு எண்ணெயோடு காற்றையும் சேர்த்துக் குடிக்கும். இன்றைக்கு முள் நடுங்கும், இன்னொரு நாள் எண்ணெயே ஏறாது, இன்ஜின் காய்ந்து சுற்ற முடியாமல் பிடித்துக்கொள்ளும். சட்டியை இறக்குவது அழுக்கு வேலை. ஒரு பகல் போய்விடும்.

எங்கள் ஒர்க்ஷாப்பில் அந்தப் பகல் யாருக்கும் கிடைக்காது. அங்கே குறுக்கு வழி ஒன்று வைத்திருந்தார்கள். இன்ஜினில் குழாய் பொருந்துகிற இடத்தில் ஒரு பித்தளை நிப்பிள் இருக்கும். அதைக் கழற்றி, ஓட்டையில் ஈயத்தை ஊற்றி, நடுவில் தலைமயிர் நுழைகிற மாதிரி ஊசித் துளை போட்டு, திரும்ப மாட்டிவிடுவார்கள். எண்ணெய் கசிந்து கசிந்துதான் மேலே வரும். முள்ளால் ஆட முடியாது. சத்தம் போயே போச்சு. உள்ளே இருக்கிற வியாதி மட்டும் அப்படியே இருக்கும். நரி ஆட்டைத் தொடாமல் இருக்க மந்திரித்து வாய்க்கட்டுப் போடுவார்களே, அந்தப் பெயரையே இதற்கும் வைத்திருந்தார்கள். "டேய், அந்த வண்டிக்கு ஒரு வாய்க்கட்டு" என்றால் போதும், ஈயக் கரண்டி அடுப்பில் ஏறிவிடும். நரிக்குப் போட்டாலாவது ஆடு பிழைக்கும். இவர்கள் கட்டியது காவல் நாயின் வாயை.

இந்த வழக்கத்தை வளர்த்தவர் எங்கள் சர்வீஸ் மேனேஜர் பிரபாகர். கெட்ட மனிதர் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டால் எனக்கும் சுலபம்தான். ஆனால் அவர் அப்படி இல்லை. காலையில் வெள்ளைச் சட்டையோடு வந்து ஸ்பேனர் மாட்டுகிற பலகையைப் பார்ப்பார், ஒன்று இடம் மாறி இருந்தாலும் தானே எடுத்து மாட்டுவார். என் தங்கை கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு நகரிக்கு வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர். யாரையும் கத்தித் திட்ட மாட்டார். கோபம் வந்தால் குரல் தாழும், நாம் கிட்டே போய்க் குனிந்து கேட்க வேண்டியிருக்கும். வண்டிக்காரர் வந்தால் சோடா வாங்கிக் கொடுத்து, தோளில் கை போட்டு, ஊர் மழை, மகள் படிப்பு எல்லாம் விசாரிப்பார். ஒன்றே ஒன்று செய்ய மாட்டார். இன்ஜின் பக்கம் காதைத் திருப்ப மாட்டார்.

"ஏமய்யா தாமோதர், கஸ்டமர் நவ்வுத்தூ வெள்ளாலி, அந்தே" என்பார். வந்தவன் சிரித்துக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான் அவர் வேதம். ஏன் வந்தான், எதற்குச் சிரிக்கிறான் என்பதெல்லாம் கணக்கில்லை.

முனிரத்தினம் வந்தது அங்கேதான். எங்கள் நகரிப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின ஊர்க்காரன். அவனுடைய நைனா காலம் வரைக்கும் அடுத்தவன் கழனியில் கூலி. இவன் காலத்தில்தான் சொந்தமாகத் துண்டு நிலம். பெண்சாதி தேசம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். அவள் அனுப்பியதில்தான் எங்கள் ஷோரூமில் சின்ன டிராக்டர் எடுத்தான். எடுத்த கையோடு திருச்சானூர் கோயில் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை போட்டான். வண்டியைக் கொடுக்கப் போனவன் நான்தான். பானெட்டுக்குப் பொட்டு வைத்தான், ஸ்டியரிங்குக்கு வைத்தான், பிறகு ஒவ்வொரு கேஜ் கண்ணாடிக்கும் கட்டை விரலால் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைத்தான்.

"யோவ், கண்ணாடிய மறைக்காத" என்றேன்.

"எங்க வீட்ல சொல்லியிருக்குது மேஸ்திரி. ஊரு கண்ணு பொல்லாது, வெள்ளிக்கெழம தவறாம எல்லாத்துக்கும் பொட்டு வெய்யின்னு போன்ல சொல்லிக்கினே இருக்குது. வெச்சனான்னு வேற கேக்கும்" என்று சிரித்தான்.

நம் பக்கத்தில் வைக்காதவர் யார்? தறிக்கு வைக்கிறோம், தராசுக்கு வைக்கிறோம். நானும் விட்டுவிட்டேன்.

சில மாதம் கழித்து வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தான். நகரியிலிருந்து திருப்பதிக்கு டிராக்டரில் வருவதென்றால் உடம்பு உளுத்துவிடும். இறங்கினதும் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

"மேஸ்திரி, கேஜு கத்துது. டப்பாவுல ஈ மாட்டிக்கினா எப்டி கத்தும், அப்டி. பொட்டு வெச்சிருக்கறதால முள்ளு தெரியல, ஆனா சத்தம் நல்லா கேக்குது. மேட்டுல ஏறச்சொல்ல ஜாஸ்தியா கத்துது. எனக்கு இன்னாவோ பயமா கீது."

மேட்டில் ஏறும்போது அதிகமாகக் கத்துகிறது என்றானே, அந்த ஒரு சொல் போதும். வண்டி சாய்ந்தால் சட்டியில் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கும், மூட்டு எண்ணெய்க்கு மேலே வந்துவிடும், காற்று குடிக்கும். நான் குழாயைப் பிடித்துப் பார்த்தேன், சத்தம் நிற்கவில்லை. நட்டைத் தளர்த்தினேன், நுரை. வழியவிட்டேன், மறுபடியும் நுரை. சட்டியை இறக்க வேண்டும் என்று பிரபாகரிடம் போய்ச் சொன்னேன்.

அவர் குரல் தாழ்ந்தது. "கேஜ் சத்தத்துக்கா இன்ஜின் பிரிக்கிறது? புது வண்டி. பிரிச்சா கம்பெனி காரணம் கேக்கும். பாபுகிட்ட சொல்லி வாய்க்கட்டுப் போடு."

"சார், இது கேஜ் சத்தம் இல்ல. பம்பு காத்துக் குடிக்குது."

"நுவ்வு டாக்டரா? நீ என்ன டாக்டரா?" என்றார் மெல்ல. அப்புறம் சிரித்துக்கொண்டே, சந்திரகிரியில் ஒரு வண்டி சேற்றில் சிக்கி கிளட்ச் போய் நிற்கிறது, நீ கிளம்பு என்றார். போகமாட்டேன் என்று நின்றேன். "தாமோதர், இது என் ஒர்க்ஷாப்" என்றார், முன்னைவிடத் தாழ்ந்த குரலில். போனேன். சாயங்காலம் திரும்பி வந்தால் வண்டி இல்லை. ஈயம் ஊற்றுகிற பாபு கையைத் துடைத்துக்கொண்டு, "சிரிச்சிக்கினே போனான் மேஸ்திரி" என்றான்.

உடனே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் எங்கள் ஊர்ப் பக்கம் போகிற பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினேன், வண்டியை ஓட்டாதே, திரும்பக் கொண்டு வா என்று. சேதி கேட்டு முனிரத்தினம் வண்டியோடு திரும்ப வந்தும்விட்டான். அன்றைக்கு நான் வெளியூர் வேலையில். பிரபாகர் அவனுக்குச் சோடா வாங்கிக் கொடுத்து, "சத்தம் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை சார் என்றிருக்கிறான். "அப்ப என்ன பயம்? தாமோதருக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்று தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டார். எனக்குத் தெரிந்தபோது வண்டி ஊர் போய்ச் சேர்ந்திருந்தது.

நடக்க வேண்டியது நடந்தது. ஏரிக்கரை மேட்டில் பாரத்தோடு ஏறும்போது இன்ஜின் பிடித்துக்கொண்டது. லாரியில் ஏற்றிக் கொண்டு வந்து எங்கள் ஷெட்டில் இறக்கினார்கள். கம்பெனி இன்ஜினியர் வந்து பார்க்கிற வரை யாரும் தொடக்கூடாது என்று பிரபாகர் கயிறு கட்டிவிட்டார்.

ஊரில் ஒரு பேச்சு கிளம்பி, அது கடல் தாண்டிக் குவைத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. முனிரத்தினம் குடித்துவிட்டு எண்ணெய் இல்லாமல் ஓட்டி வண்டியைக் கொளுத்திவிட்டான் என்று. அவள் அங்கே எவன் வீட்டிலோ நாயாகத் தேய்கிறாள், இவன் இங்கே ஆடுகிறான் என்று. தேசம்மாவுக்கு அப்போதுதான் வேலைக் கெடு முடிந்திருந்தது. வண்டி ஓடினால் ஊரிலேயே இருந்துவிடலாம், இனி போக வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு கிளம்பினவள். வந்து இறங்கினபோது வண்டி ஷெட்டில் கிடந்தது.

இன்ஜினியர் வருகிற அன்றைக்கு இருவரும் வந்திருந்தார்கள். அவளை அன்றுதான் முதல் தடவை பார்க்கிறேன். புருஷனோடு ஒரு பேச்சு இல்லை. அவன் ஒரு தூண் பக்கம், இவள் ஒரு தூண் பக்கம். நான் போய், "எண்ணெய் இல்லாம ஓட்டலம்மா, அவன் மேல தப்பு இல்ல" என்றேன். "எல்லாரும் எதையாவது ஒண்ணு சொல்றாங்கண்ணா" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

இன்ஜினியர் ஹைதராபாத்திலிருந்து வந்தவர், வேலை தெரிந்தவர், குறை சொல்ல மாட்டேன். முதலில் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தார். எண்ணெய் நிறைய இருந்தது. "ஆயில் ஃபுல் இருக்கே" என்று அவரே சொன்னார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. அடுத்த நிமிஷம் அவர் கண் கேஜ் மேல் போனது.

சந்தனம் காய்ந்து, அதன் மேல் குங்குமம், அதன் மேல் அடுத்த வெள்ளிக்கிழமையின் சந்தனம், மறுபடியும் குங்குமம் என்று கண்ணாடி முழுக்க ஒரு வடை கனத்துக்கு அப்பியிருந்தது.

"இதுல முள் எப்படித் தெரியும்? பிரஷர் எறங்கறத எப்படிப் பாத்த?"

"பொட்டு வெச்சிருந்தேன் சார்" என்றான் முனிரத்தினம். வேறு என்ன சொல்வான்?

ஷெட்டில் எல்லாரும் சிரித்தார்கள். பிரபாகர் அவன் தோளில் கை போட்டார், அதே பழைய கை. "பொட்டு பெட்டி பூஜ சேஸ்தே சாலா? பூஜ போட்டா போதுமா? கம்பெனி கேஜ் எதுக்கு வெச்சிருக்கு, பாக்கத்தானே? சார், டிரைவர் கேர்லெஸ். இதுல நாம என்ன செய்ய முடியும்?" இன்ஜினியரும் தலையை ஆட்டினார்.

எனக்கு நாக்கு நுனியில் வந்துவிட்டது. கேஜ் கத்துகிறது என்று காதால் கேட்டு அத்தனை தூரம் ஓட்டி வந்து சொன்னவன் அவன். அவன் காதை அடைத்தது நாம். இப்போது கண் ஏன் பார்க்கவில்லை என்று கேட்கிறோம். வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் தேசம்மா கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"பொட்டு வெய்யின்னு சொன்னது நானு" என்றாள். "அவுர இன்னாத்துக்கு சிரிக்கிறீங்க? சிரிக்கிறதுன்னா என்னப் பாத்து சிரிங்க. பொட்டு வெச்சது தப்புன்னா இந்தா, எடுத்துட்றேன்."

பக்கத்து வாளியில் முந்தானையை நனைத்து, கேஜ் கண்ணாடியை அழுத்தித் தேய்த்தாள். கோபத்தில் தேய்த்தாள். சிவப்பும் மஞ்சளுமாகக் கரைந்து முந்தானையில் ஏறியது. கடைசித் துடைப்பில் கண்ணாடி பளிச்சென்று தெரிந்தது.

முள் மேலே நின்றுகொண்டிருந்தது. பச்சைக் கோட்டுக்கு நடுவில், குத்துக்கல் மாதிரி.

சிரிப்பு நின்றது. அவளுக்குக் கேஜ் படிக்கத் தெரியாது. ஆனாலும் எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டுக் கேட்டாள். "எறங்கறத பாக்கலன்னு சொன்னீங்களே. இது எறங்கவே இல்லியே. வண்டி செத்துக் கெடக்குது, முள்ளு ஏன் நிக்குது?"

அவள் தன் புருஷன் பக்கம் திரும்பினாள். வந்ததிலிருந்து அப்போதுதான் அவனை நேராகப் பார்த்தாள்.

நான் ஸ்பேனரை எடுத்தேன். பிரபாகர் "தாமோதர்" என்றார், தாழ்ந்த குரலில். குனிந்து கேட்க நான் போகவில்லை. இன்ஜின் பக்கத்து நிப்பிளைக் கழற்றினேன். ஊசித் துளையில் கறுப்பு மசி ஏறி இறுகியிருந்தது. உள்ளே போன எண்ணெய் திரும்பி வர வழியில்லாமல் குழாயிலேயே நின்று முள்ளைத் தாங்கிக்கொண்டிருந்தது. அவன் பொட்டே வைக்காமல் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே ஓட்டியிருந்தாலும், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் அது சொல்லியிருக்கும். நிப்பிளை இன்ஜினியர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யார் போட்டது இது?"

பிரபாகர் கண்ணை இமைக்கவில்லை. "நகரியில ரோட்டோர மெக்கானிக் எவனாவது போட்டிருப்பான் சார்."

"நம்ம ஈயம் சார்!" என்று கத்தினேன். ஷெட்டுத் தகரம் அதிர்ந்தது. "நம்ம கரண்டி, நம்ம அடுப்பு! நீங்க சொல்லித்தானே ஊத்தினது?" சுற்றி நின்றவர்களைப் பார்த்தேன். அத்தனை பேரும் வாய்க்கட்டுப் போட்டவர்கள். அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். பாபு அழுதுவிடுவான் போல இருந்தான், ஆனால் வாய் திறக்கவில்லை. கேஜுக்குப் போட்டுப் பழகிப் பழகித் தங்கள் வாய்க்கும் போட்டுக்கொண்டார்கள் போலிருக்கிறது.

இன்ஜினியர் பிரபாகரை ஓரமாகக் கூட்டிப் போய்ப் பேசினார். திரும்பி வந்தபோது பிரபாகர் முகத்தில் சிரிப்பு. முனிரத்தினத்திடம், "நல்ல காலம்யா உனக்கு. கம்பெனி இரக்கப்பட்டு வேற இன்ஜின் தருது. ஒண்ணே ஒண்ணு, வெளி மெக்கானிக்க கை வெக்க விட்டேன், என் தப்புதான்னு சார் முன்னாடி ஒரு வார்த்த சொல்லிடு. போதும்" என்றார்.

முனிரத்தினம் வண்டியைப் பார்த்தான், பெண்சாதியைப் பார்த்தான். சொல்லிவிடுவான் என்று எனக்குத் தெரிந்தது. சொல்லடா, சொல்லித் தொலை, இன்ஜினாவது வரட்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். ஒரு வார்த்தைதானே. வண்டி ஓடும், அவள் போக வேண்டியதில்லை. அவன் வாயைத் திறந்தான்.

"சொல்லாத" என்றாள் தேசம்மா.

"இல்ல தேசு, நீ திரும்பப் போவ வேணாமே..."

"சொல்லாதன்றேன். அங்க நான் ஒடைக்காத கிளாசுக்கெல்லாம் நான்தான் ஒடைச்சேன்னு சொல்லிக்கினு இருந்தேன். சொன்னாத்தான் சோறு. எனக்கு அது பழகிப்போச்சு. நம்ம ஊட்ல ஒரு ஆளு போதும் அதுக்கு. நீ சொல்லாத."

அவன் சொல்லவில்லை. கம்பெனியின் இரக்கம் அதோடு முடிந்தது. இன்ஜின் வரவில்லை.

அவள் திரும்பக் குவைத்துக்குப் போனாள். வழியனுப்ப நானும் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன். "அண்ணா, வண்டிய நீயே பாத்துக்கோ. இனிமே கத்துனா கத்தட்டும், அடைக்க மட்டும் உட்டுடாத" என்றாள். முனிரத்தினம் பஸ் மறைகிற வரை நின்றுவிட்டு, மூஞ்சியைத் துண்டில் மூடிக்கொண்டான். என்னைச் சித்தூர்க் கிளையில் ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டருக்கு மாற்றினார்கள், இனி இன்ஜின் பக்கமே போக வேண்டாம் என்று. போகட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் நகரியில் ஒரு நண்பன் ஷெட்டில் அந்த இன்ஜினைப் பிரித்தேன். தளர்ந்த மூட்டு, நான் சொன்ன இடத்தில், நான் சொன்னபடியே இருந்தது. அவள் அங்கே கேட்கக்கூடாத ஏச்சையெல்லாம் கேட்டு அனுப்பிய பணத்தில் ஒவ்வொரு சாமானாக வாங்கிச் சேர்த்தோம். வண்டி ஓடியது, இன்னும் ஓடுகிறது. பொட்டை இப்போது பானெட்டுக்கு மட்டும்தான் வைக்கிறான். ஆனால் அவள் மறுபடியும் போய்க் கழித்த அந்த வருஷங்களை எந்தக் கம்பெனி வேற மாட்டிக் கொடுக்கும்? ஒரு பகல் வேலை அது. சட்டியை இறக்கி ஒரு குழாய் மூட்டை முடுக்க வேண்டிய ஒரே ஒரு பகல்.

பிரபாகர் பெரிய பதவிக்குப் போய், நல்லபடியாக ரிடயர் ஆகி, நல்லபடியாகவே செத்தும் போனார். அவர் சாவுக்கு நான் போகவில்லை.

அன்றைக்கு இவ்வளவும் நெஞ்சில் புரண்டு அடங்கின பிறகுதான் பாஸ்கருக்குத் திரும்பப் போன் போட்டேன்.

"அந்த வண்டி போயிடுச்சா?"

"இல்லண்ணா, இங்கதான் ஓடிக்கினு கீது."

"சாவிய எடுக்காத. இன்ஜின மட்டும் நிறுத்து. நிறுத்திட்டு நம்பரப் பாரு."

இன்ஜின் அடங்குகிற சத்தம் போனில் கேட்டது. அவன் பேசினபோது குரலில் குஷி இல்லை.

"அண்ணா... நம்பரு எறங்கல. அப்டியே நிக்குது."

"வண்டிக்காரன் எங்க?"

"வெளிய பெஞ்சுல குந்திக்கினு கீறான். சத்தம் நின்னுச்சுன்னு எல்லாருக்கும் டீ சொல்லியிருக்கான்."

"அவன உள்ள கூப்புடு" என்றேன். "அவன் எதிர்லயே அந்த அப்டேட்ட எடு. அது கத்தறத அவனும் கேக்கட்டும். அப்பறம் சட்டிய எறக்கு."